கடைசியாகச் சொல்கிறவன்

அங்கே யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கன் என்றால்தான் திரும்புவான். பீர் காய்ச்சுகிற சின்னத் தொழிற்சாலை அது. டேங்க் மூடியைத் திறந்த மாத்திரத்தில், உள்ளே எது சரியில்லை என்று எட்ட நின்றே சொல்லிவிடுவான் என்பதால் ஸ்டோர்காரர் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது.

வம்சத்திலேயே முதல் பட்டதாரி. நுண்ணுயிரியல். அவன் அம்மா ஊரெல்லாம் "கிருமி ஆபீசர்" என்று சொல்லி வைத்திருந்தாள். விவரம் தெரிந்தவர் மாமனார் ஒருவர்தான்.

"ஊர் உலகத்துல எல்லாரும் சம்பளம் வாங்கிட்டுக் குடிப்பான். எங்க மாப்பிள்ளை குடிச்சிட்டுச் சம்பளம் வாங்குறாரு" என்று நாலு பேர் கூடின இடத்தில் போட்டு உடைப்பார்.

"ஒரு வாய்தான் மாமா."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் மாப்ளே சொல்லுவாங்க."

சிரித்து மழுப்பினாலும் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். டிகிரி வேலையை வாங்கித் தந்தது. வேலையில் நிறுத்தி வைத்தது மூக்கு. அந்த மூக்குதான் போய்விட்டது.

ஒரு காய்ச்சல் வந்து போனது. விட்டு எழுந்து வேலைக்கு வந்த காலை, புளிப்பு பீருக்கான கொய்யாக் கூழ் வாளி வாளியாக வந்து இறங்கியிருந்தது. பையில் ஒரு கொய்யா இருந்தால் பஸ் முழுக்கத் தெரியும். அவன் வாளி மூடியைத் திறந்து முகத்தையே உள்ளே விட்டான். பச்சைத் தண்ணீருக்கு மேல் முகத்தை வைத்த மாதிரி இருந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்தான். சளி போனது. வாசனை வரவில்லை. வீட்டில் யாரும் பார்க்காதபோது சோப்பை முகர்ந்தான், காப்பித் தூளை முகர்ந்தான், தூங்குகிற மகளின் உச்சந்தலையை முகர்ந்தான். நாக்கில் புளிப்பும் இனிப்பும் உப்பும் கசப்பும் மட்டும் மிச்சம். கொய்யாவும் வெள்ளரிக்காயும் ஒன்றாகிப் போயின.

"திரும்பி வரலாம்" என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. "சில பேருக்கு நாளாகும்."

"வராமலே போகுமா டாக்டர்?"

"அதுவும் உண்டு."

மனைவியிடம் சொல்லவில்லை. வேலையிடத்திலும் மூச்சு விடவில்லை. அவனை மாட்டிக்கொள்ளாமல் காப்பாற்றியது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம் ஒன்று.

சுவை பார்க்கிற அறையில் மூன்று நாற்காலிகள். மூன்றும் வெவ்வேறு சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். ஒருத்தர் முகம் சுளித்தால் அடுத்தவர் நாக்கும் சுளித்துக்கொள்ளும் என்பதால் அக்கா செய்த ஏற்பாடு. அக்கா என்றால் அங்கே பீர் காய்ச்சுகிற தலைமை ஆள். முதலாளியே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சுவை பார்க்கிற நாளில் யாரும் வாசனை சோப்புப் போடக்கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. கிளாஸைக் கீழே வைக்கும்வரை பேச்சுக் கூடாது. பிறகு முதலில் ஸ்டோர்காரர் சொல்ல வேண்டும், அடுத்து அக்கா, கடைசியில் மூக்கன். அவன் சொன்னால் சொன்னதுதான். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

கடைசியில் சொல்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. முன்னால் சொன்னவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். காய்ச்சலுக்குப் பிறகு வந்த இரண்டு டேங்குக்கும், அக்கா சொன்னதையே கொஞ்சம் வார்த்தை மாற்றி அவன் சொன்னான். அக்கா சுத்தமாக இருக்கிறது என்றால் அவன், "பின்னாடி லேசா தேன் மாதிரி வருது" என்று பூ வேறு வைத்தான். இரண்டும் கடைகளுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், கடையிலிருந்து புகாரோ என்று எட்டிப் பார்ப்பான்.

கொய்யா டேங்கின் முறை வந்தது. வெளியே வேன் நின்றது. முதலாளி கதவுப் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இளஞ்சிவப்பாக இருந்த பீரை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, கையை எடுத்து முகர்வதுபோல முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். புளிப்பு சுருக்கென்று தாடையைப் பிடித்தது, அடிநாக்கில் துளி உப்பு. அதோடு சரி. சுவரில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தால் இன்னும் கொஞ்சம் உரிக்கலாம் போலிருந்தது.

மூன்று கிளாஸும் கீழே இறங்கின.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ஸ்டோர்காரர். "கொய்யா கொஞ்சம் கனிஞ்சு போச்சு. நாமளும் கனிஞ்சுதானே போயிருக்கோம், அதுக்காகத் தூக்கியா போட்டாங்க?"

அக்கா கிளாஸை மறுபடி எடுத்து முகர்வது கேட்டது. சொல்லித் தொலையேன் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினான்.

"எனக்கு, கெட்டுப்போனா வருமே, அந்த நகப்பூச்சு வாசனை வருது" என்றாள் கடைசியில். "ஆனா வீட்டுல கதவுக்கெல்லாம் வார்னிஷ் அடிச்சிருக்கு. ராத்திரி பூரா அதுலதான் படுத்துக் கிடந்தேன். அது மூக்குலயே உக்காந்திருக்கோ என்னமோ. என்னை நம்பாதீங்க. மூக்கா, நீ சொல்றதுதான்."

கனிந்த கொய்யாவுக்கும் கெட்டுப்போன பீருக்கும் நூலளவுதான் வித்தியாசம், அந்த நூலும் மூக்கில்தான் இருக்கிறது. சரி என்றால் வேன் கிளம்பிவிடும். கெட்டது என்றால் அத்தனை பேர் உழைப்பும் சாக்கடையில். இரண்டில் எதைச் சொன்னாலும் இவர்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கைதான் அவனைப் பயமுறுத்தியது.

"என்னப்பா, பொண்ணு பாக்க வந்த மாதிரி யோசிக்கிறே?" என்றார் முதலாளி.

"தெரியல" என்றான் சுவரைப் பார்த்தபடி.

ஸ்டோர்காரர் சிரித்தார். "மூக்கனுக்குத் தெரியலயாம்! நல்லா விடுறாம்பா."

"நிஜமாத்தான் அண்ணே. எனக்கு ஒரு வாசனையும் வரல."

நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்து திரும்புகிற சத்தம் கேட்டது. அந்த அறையில் யாரும் நாற்காலியைத் திருப்பியதே இல்லை.

"எப்போலருந்து?" என்றாள் அக்கா.

"காய்ச்சல் வந்துச்சுல்ல... அப்போலருந்து."

"அப்ப நடுவுல போன ரெண்டு டேங்க்?"

"நீங்க சொன்னதைத்தான் அக்கா நானும் சொன்னேன்."

"தேன் வருதுன்னியேடா!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தியிருந்தால் தேவலை. "நீ இருக்கேன்னுதான் நான் தைரியமா சொன்னேன்" என்றாள் மெதுவாக. "நான் உன்மேல சாஞ்சு நிக்கிறேன், நீ என்மேல சாஞ்சு நிக்கிறே. சுவரே இல்லாம ரெண்டு பேரும் நின்னுருக்கோம்."

முதலாளி வேனின் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். போன இரண்டு டேங்கிலிருந்தும் எடுத்து வைத்திருந்த பாட்டில்கள் வந்தன. அவனை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அக்கா தன் மூக்கை நம்பவில்லை. லேபிள் ஒட்டுகிற பெண்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, எது என்ன என்று சொல்லாமல் ஆளுக்கொரு சுவரைக் காட்டி உட்கார வைத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கிளாஸ் வைக்கிற சத்தம். முணுமுணுப்பு. ஒருத்தி சிரிப்பை அடக்கினாள்.

கதவைத் திறந்துகொண்டு ஸ்டோர்காரர்தான் வந்தார்.

"கடைக்குப் போனது ரெண்டும் பழுதில்ல. பொழைச்சே போ."

அவன் சுவரில் சாய்ந்தான்.

"கொய்யா?"

"மூணு பொண்ணுங்களும் ஒரே மாதிரி கேட்டுச்சுங்க. 'யாருண்ணே இதுல நெயில்பாலிஷ் ஊத்துனது'ன்னு."

பின்னாலேயே அக்கா வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூக்கு வர்ற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள வராதே. பாட்டில் கழுவுற பக்கம் நில்லு."

"வரலேன்னா அக்கா?"

"அதை அன்னைக்குப் பேசுவோம்." இரண்டடி போய்த் திரும்பினாள். "உடம்புக்கு முடியலேன்னா சொல்றதுக்கென்ன? உன் மூக்கை மட்டுமா வேலைக்கு வச்சிருக்கோம்?"

ஆமாம் என்றுதான் இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான்.

கொய்யா டேங்கைக் காலி செய்யும்படி முதலாளி சொல்லிவிட்டார். அடி வால்வைத் திறக்க மூக்கனே போனான். இளஞ்சிவப்பு நுரை குபுகுபுவென்று வடிகாலில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் லேபிள் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். ஸ்டோர்காரர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறக்கப் போனார். அவன் மட்டும் வால்வுப் பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். அவனுக்கு அது வெறும் ஈரத் தரை.

"டேய், தள்ளி நில்லு! தலை சுத்திக் கீழ விழப்போறே!" என்று அக்கா மூக்கைக் கையால் பொத்தியபடி வாசலிலிருந்து கத்தினாள்.

எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தான். அவள் முகத்திலிருந்து கையை எடுக்கும்வரை நடந்தான்.