கமிலாவின் அப்பா கேட்ட கேள்வி

பொரித்த வாழைக்காயின் மணம் மூக்கில் ஏறியபோது எங்கள் வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் நான் நின்றது தென் லண்டனில் ஒரு கொலம்பியச் சாப்பாட்டுக் கடையில். அது 2009, எனக்குப் பதினொரு வயது. என்னோடு படித்த கமிலா, நினைவு தெரிந்து பார்த்திராத தன் அப்பாவைச் சந்திக்க என்னையும் கூட்டிவந்திருந்தாள்.

அவள் கைக்குழந்தையாய் இருக்கும்போதே கொலம்பியாவில் பெற்றோர் பிரிந்தார்கள். லண்டனுக்கு வந்த அம்மா, மகள் பள்ளிக்கூடத்தில் திணறக் கூடாதென்று ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்த்தார். நானோ யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு மட்ரிட்டில் பிறந்து, ஒன்பது வயதுவரை தெருவிலும் வகுப்பிலும் ஸ்பானிஷ் பேசிவிட்டு லண்டனின் அப்டன் பார்க்குக்குக் குடிவந்தவள். கமிலாவின் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருடன் பேசவே மாட்டேன் என்று கமிலாவின் அம்மா வாசலோர மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டதால், மொழிபெயர்ப்பது என் வேலையாயிற்று.

"ஒரு சொல்கூடத் தெரியாதா? அப்படியென்றால் இவள் எப்படி 'லத்தீனா'?" என்று ஸ்பானிஷில் கேட்டார் அப்பா. லத்தீன் அமெரிக்கப் பெண்ணை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"நீ நன்றாக வளர்ந்துவிட்டாயாம்" என்றேன் கமிலாவிடம்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். "அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். கமிலா என்னைச் சுட்டிக்காட்டி, "இவள் உங்களைப் போலவே பேசுகிறாள். அப்போது இவளா லத்தீனா? கேட்டுச் சொல்லு" என்றாள்.

அதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, ஆங்கிலத்தில் 'மகள்' என்பதற்கு என்ன சொல் என்று என்னிடம் கேட்டார். "டாட்டர்" என்றேன். அவர் வாயில் அது "டோக்டர்" என்று வந்தது. கமிலா சிரித்துத் திருத்தினாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மட்ரிட்டில நீ அவையளைப் போலத்தான் கதைச்சனி. எண்டாலும் எந்த நாட்டுப் பிள்ளை எண்டுதானே எல்லாரும் கேட்டவை" என்றார்.

"அப்ப நான் தமிழ் கதைக்காட்டில்?"

"கதைக்காட்டிலும் நீ தமிழ்ப் பிள்ளைதான்." கொஞ்சம் யோசித்தார். "எனக்குத்தான் கவலையாயிருக்கும்."

அந்தக் கடை இருந்த கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கமிலா வளர்ந்தபின் வகுப்புக்குப் போய் ஸ்பானிஷ் படித்தாள். பேசாமல் விட்டதில் என் ஸ்பானிஷ் போய்விட்டது. போன வருடம் அவளுடைய அப்பா தொலைபேசியில் என்னிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஆங்கிலத்தில் கேட்டார்: "உன் அம்மா சுகமாக இருக்கிறாரா?"