மாமி சொன்ன ஆமீன்

ஜன்னல் சீலை காற்றில் எழும்பினால், இன்றும் என் கால் அதன் ஓரத்தை மிதிக்கப் போகும்.

ஐம்பதுகளில், மருதமுனையில், வாப்பாவிடம் கைத்தறிச் சாரன் வாங்க வந்த கொழும்பு முதலாளி, ஊமைப்பட நடிகை ஒருத்தியைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். அவளுடைய ஒரு படத்தையும் அவர் விட்டதில்லையாம். மாமா மதராஸில் நிக்காஹ் செய்து கூட்டிவந்த என் மாமிதான் அந்த நடிகை. வீட்டாரைத் தவிர ஊரில் யாருக்கும் அது தெரியாது. மாமி அறைவாசல் திரைச்சீலைக்கு உள்ளே நின்றார். கடற்காற்றில் சீலை எழும்ப, நான் ஓடிப்போய் மிதித்தேன்.

“இப்ப எங்க இருக்கிறாவோ?” என்றார் முதலாளி.

வாப்பா குனிந்து சாரன்களை எண்ணத் தொடங்கினார்.

“அவ மௌத்தாகிக் கனகாலம்,” என்றார் மாமி உள்ளிருந்து.

அத்தனை படம் பார்த்தவருக்கு அந்தக் குரல் தெரியவில்லை. கையேந்தி, இறந்துபோன அவளுக்காகத் துஆக் கேட்டார்.

மாமி ஆமீன் சொன்னார்.