பக்கத்து வீட்டுக் கிளாரினெட்

அந்த மெட்டை நான்தான் போட்டேன் என்று நம்பியிருந்தேன். தோழியின் மகள் கலியாணத்தில், மணப்பெண் மண்டபத்துக்குள் வரும்போது வயலினில் வாசிப்பதற்காக வகுளாபரண ராகத்தில் மூன்று கிழமையாக இழைத்தது. நாலாம் அடி மட்டும் அமையவில்லை. ஒரு ஞாயிறு காலை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பக்கத்து அபார்ட்மெண்டிலிருந்து அதே மெட்டின் முதல் மூன்று அடிகளும் கிளாரினெட்டில் விம்மி விம்மி வந்தன.

அங்கே தனியாக இருந்தவர் ஒரு வயதான யூதர். லிஃப்டில் கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான்.

“உந்த மனுசன் என்ரை மெட்டைக் களவெடுத்திட்டார்,” என்றேன் கணவரிடம்.

“உமக்கென்ன விசரே? சுவருக்காலை கேட்டிருக்கும், வாசிக்கிறார்.”

“இண்டைக்கு வாசிப்பார், நாளைக்குத் தன்ரை எண்டு சொல்லுவார்.”

அன்றிலிருந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். அப்படியும் மனம் ஆறவில்லை. அடுத்த ஞாயிறு, இரண்டாம் அடியை வேண்டுமென்றே மாற்றி, சுவரோரம் நின்று உரக்க வாசித்தேன். அந்தப் பிழையோடு அவர் வாசித்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் கிளாரினெட்டோடு அவர் நின்றார். முகம் கடுகடுத்திருந்தது.

“இரண்டாம் அடி அப்படியில்லை,” என்றார் ஆங்கிலத்தில். “என் அம்மாவின் பாட்டை என்னிடமிருந்துதானே எடுத்தீர்கள்?”

இத்தனை நாளும் அவரும் என்னைச் சந்தேகித்திருக்கிறார்!

தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டார். ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் ஒரு பெண் பாடினாள். என் மெட்டேதான். நான் தேடிக் கிடைக்காத நாலாம் அடியும் அதில் இருந்தது.

இதை நான் எங்கே கேட்டிருப்பேன்? சின்ன வயதில் ரேடியோவில் போன ஏதோ சினிமாப் பாட்டிலா? அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் எங்கே கேட்டாரோ? பம்பாய்க்கு அகதியாக வந்த யூத வாத்தியக்காரர் யாரிடமாவதா? இதையெல்லாம் கிளாரினெட்காரரிடம் சொன்னேன்.

“ருமேனியர்கள் தங்கள் கலியாணங்களில் வாசித்ததைத்தான் எங்களவர்கள் எடுத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு,” என்றார் மெல்ல. “அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.”

அப்படிச் சொன்ன பிறகும் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார்.

கலியாண அறிவிப்பாளரிடம், “புது மெட்டெண்டு சொல்லாதேங்கோ. யூதரின்ரை பழைய பாட்டெண்டு சொல்லுங்கோ,” என்றேன். கிளாரினெட்காரரையும் அழைத்திருந்தேன். நாலாம் அடியை அவரே வாசித்தார். மணப்பெண் நடப்பதை மறந்து ஒரு கணம் நின்று கேட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அன்ரி என் காதருகே குனிந்தார்.

“உது எங்கட பழைய படப்பாட்டெல்லே, பிள்ளை? உந்தக் கிழவர் எங்கை பொறுக்கினவர்?”

“எந்தப் படம் அன்ரி?” என்று ஆவலோடு கேட்டேன்.

எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.