பூட்டிய பேட்டையை விற்ற அங்கம்மாள்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். கெங்குவார்பட்டியில் அங்கம்மாள் அத்தை காலமான செய்தி கார்டில் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது சிதை ஆறிப்போயிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பெரியப்பா மகன்கள் அவரைக் குலவிளக்கு என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இருபது வருஷமாகக் குடிகெடுத்தவள் என்று சொன்ன அதே வாய்கள். அவரை அறிந்த ஊராரும் உறவினருமான உங்களுக்காக நடந்ததை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

தாத்தா தேனியில் மாட்டுவண்டிகள் தங்கும் ஒரு வண்டிப்பேட்டையும் அதையொட்டிச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியும் விட்டுப்போனார். அதை விற்று மூன்று மகன்களின் குடும்பங்களுக்கும் சமமாகப் பிரிக்கும் அதிகாரத்தை உயிலில் மகளுக்குக் கொடுத்திருந்தார். டிரஸ்டி அத்தைதான். எப்போது விற்பது, யாருக்கு விற்பது என்பதெல்லாம் அவர் முடிவு. ஆனால் அவருக்குப் பங்கு கிடையாது.

"பங்கே இல்லாத பொம்பளைக்கு விக்கிற அதிகாரமா?" என்று பெரியப்பா சிரித்தார்.

"பங்கு இல்லாததுனாலதாண்ணே எங்கிட்ட குடுத்தாக அய்யா," என்றார் அத்தை.

பேட்டையைப் பெரியப்பாவே வைத்து ஆண்டார். என் தகப்பனார் இறந்து, நானும் அம்மாவும் திண்டாடிய காலம் அது. விற்றுக் கொடுக்கும்படி அம்மா கெஞ்சினார். "தேனிக்கு ரயிலு வரட்டும் மதினி, வெளியூரு யாவாரிக வருவாக. இப்ப வித்தா அண்ணன் மட்டுந்தான் கேப்பாக, அவுக வச்சதுதான் வெலை," என்றார் அத்தை. அண்ணனோடு சேர்ந்துகொண்டார் என்றே நான் நினைத்தேன்.

ரயில் வந்த மறு வருஷம் ஏலத்துக்கு நாள் குறித்தார். பங்காளிச் சண்டையுள்ள சொத்து, எவனும் கேட்கக்கூடாது என்று பெரியப்பா தேனிக் கடைவீதி முழுக்கச் சொல்லிவைத்தார். அத்தை தேனியில் தண்டோராவே போடவில்லை. போடியிலும் கம்பத்திலும், ஏலக்காய் வியாபாரிகள் கூடும் இடங்களில் போட்டார்.

ஏலத்தன்று பேட்டைக் கதவில் பெரிய பூட்டு. பெரியப்பா எதிர்க்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாவி தொலைஞ்சு போச்சு தாயி. இன்னொரு நாளைக்கு வச்சுக்கிருவோம்."

"எதுக்குண்ணே? பூட்டையும் சேத்தே விக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. பி.ஏ. படித்துக்கொண்டிருந்த என்னை அத்தை நடுத்தெருவில் நிறுத்தி உயிலை வாசிக்கச் சொன்னார். பிறகு தாமே ஏலம் கூறினார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மலையாள வியாபாரி ஒருவர் முதலில் விலை சொன்னார்.

"ஏலே, எங்கப்பன் சொத்த மலையாளத்துக்காரன் வாங்குறதா?" என்று பெரியப்பா எழுந்து கூடுதலாகக் கேட்டார். வியாபாரி ஏற்றினார். பெரியப்பா அதற்கு மேல் ஏற்றினார்.

"முடியலைன்னா உக்காருங்கண்ணே, வெயிலு அடிக்குது," என்றார் அத்தை.

பெரியப்பா உட்காரவே இல்லை. மூணு தரம் கூறி ஏலம் அவர் பேரில் விழுந்தபோது விலை ஊர் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு. இத்தனை வருஷம் சும்மா அனுபவித்த பேட்டைக்காகப் பெரியப்பா நஞ்சையை அடகு வைத்தார்.

மூன்று பங்கும் ஒரே நாளில் பிரிந்தது. பெரியப்பாவும் தம் பங்கை வாங்கிக்கொண்டார். எங்கள் பங்கில்தான் நான் வக்கீலுக்குப் படித்தேன். அம்மா ஒரு ஜோடி வளையல் கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "விக்கிறவ கையில எதும் ஒட்டக்கூடாது மதினி. ஒரு வாய் காப்பி குடுங்க, போதும்."

பின்னொரு கல்யாணப் பந்தியில், விலையை ஏற்றிவிட மலையாளியைக் கூலிக்கு அழைத்துவந்தாள், தரகு தின்றாள் என்று பெரியப்பா உரக்கச் சொன்னார். அவர் சிபாரிசில் ஒரு வேலைக்குக் காத்திருந்த நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அதே வரிசையில் இருந்த அத்தை, "இங்கன இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துப்பா," என்றார். அந்த வேலையும் எனக்கு வரவில்லை.

இப்போது சொல்கிறேன். அத்தை சல்லிக்காசு தொடவில்லை. அந்த வியாபாரி வாங்கத்தான் வந்தார். தோற்ற மறு மாதமே பக்கத்து மனையை வாங்கிக் கிட்டங்கி கட்டினார். போய்ப் பாருங்கள், இன்றும் நிற்கிறது.

நடுத்தெருவில் மூணு தரம் என்று முழங்கிய அந்தக் குரல்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அது போதும். படித்து முடித்த உங்களுக்கு நான் யாரென்று தெரிந்திருக்கும். ஆனால் கீழே பெயர் போட்டால், அதை முதலில் பார்ப்பவர்கள், பங்கு வாங்கியவன் நன்றிக்கு எழுதினான் என்று படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்க மாட்டேன். கையெழுத்தில்லாமலே இதை இன்று தபாலில் சேர்க்கிறேன்.