பக்கவாட்டில் எதுவும் வராத பாதை

டெக்சாஸில் இர்விங் நகரத்தில் ஒரு பெண் கையில் துணிப்பையுடன் நடந்து போனால் அவளுக்கு ஏதோ ஆபத்து என்று அர்த்தம். எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து இந்தியன் ஸ்டோருக்குப் பதினைந்து நிமிட நடை. கொத்தமல்லியும் தயிரும் வாங்கப் புறப்பட்டேன். வழியில் பெரிய பிக்கப் வண்டி ஒன்று வேகம் குறைத்து என் அருகில் நின்றது. "மேம், ஆர் யூ ஓகே? கார் எங்கே நின்றுபோனது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் தொப்பி போட்டவர். கார் நிற்கவில்லை, நடக்கிறேன் என்றேன். "எங்கிருந்து?" என்றார். வீட்டிலிருந்து என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. கடைசியில் ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டி, "டேக் கேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பாட்டிலோடு கடைக்குள் நுழைந்தபோது எனக்கு அழுகை வந்தது.

பத்தொன்பது வருடம் இந்த ஊரில் கார் ஓட்டியவள் நான். மகளைப் பள்ளியில் விட்டது, அலுவலகம் போனது, விமான நிலையத்துக்குப் போய் யார் யாரையோ அழைத்து வந்தது எல்லாம் என் கைகள்தாம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் ஃப்ரீவேயில் லேன் மாறும்போது, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. கிளாக்கோமா என்றார் கண் டாக்டர். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, பக்கப்பார்வை போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. ஒரு காகிதத்தைச் சுருட்டி அதன் வழியே உலகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். சாவியைச் சுந்தரிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கணவர் என் டிரைவரும் ஆனார், காவல்காரரும் ஆனார். படி இறங்கினால் முழங்கையைப் பிடிப்பார். கடையில் வண்டி தள்ளினால் முன்னால் போய் வழி விலக்குவார். அன்புதான். ஆனால் முழங்கையைப் பிடிக்கும் அன்பு நாள் முழுக்க இருந்தால் கை வலிக்கிறது.

சென்னையில் இருக்கும் என் அக்கா வசந்தி போனில் ஒரே பாட்டாகப் பாடினாள். "அங்க என்னடி கார் இல்லாம ஜெயில் மாதிரி? இங்க வந்துடு. தெரு முனைக்குப் போனா ஆட்டோ. நடந்தா கோயில், காய்கறி, மெடிக்கல் எல்லாம்." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பெரம்பூரில் கல்லூரி நாட்களில் லேடீஸ் சைக்கிளில், பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவே புகுந்து போனவள்தானே நான் என்று, வீடு பார்க்கும் எண்ணத்தோடே போனோம். இரண்டாம் நாள் காலை பால் வாங்க இறங்கினேன். இடது பக்கமிருந்து ஒரு பைக், ஒன்வேயில் எதிர்த்து வந்தது. என் கண்ணாடிக்கும் அதன் மிரருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. "கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டுப் போனான். ஆமாம், தெரியவில்லை. சென்னையில் எல்லாமே பக்கவாட்டில்தான் வரும் என்பதை அந்த ஊரில் வளர்ந்த நானே மறந்திருந்தேன். திரும்பி வந்தோம். கார் இல்லாமல் இர்விங்கில் வாழ முடியாது, பக்கப்பார்வை இல்லாமல் பெரம்பூரில் வாழ முடியாது. பிறகு எங்கே?

பதில் பிரான்ஸிலிருந்து வந்தது. ஒரு செமஸ்டர் படிக்க லியோன் நகரத்துக்குப் போயிருந்த எங்கள் மகள் நித்யா வீடியோவில் கூப்பிட்டாள். நாம் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. "அம்மா, லிசன். பழைய ரயில்வே லைன். தண்டவாளத்தை எடுத்துட்டு" (இதை மட்டும் தமிழில் சொன்னாள், எனக்காக) "பைக் பாத் போட்டிருக்காங்க. நோ கார்ஸ். லிட்டரலி நோ கார்ஸ்!" வுவா வெர்த் என்பது அதன் பெயராம். பச்சை வழி என்று பொருள். திராட்சைத் தோட்டங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே நாள்கணக்கில் சைக்கிளிலேயே போகலாம். சுந்தர் உடனே, "அதெல்லாம் ரிஸ்க்கு" என்றார். நான் டாக்டரிடமே கேட்டேன். நல்ல வெளிச்சம், குறைந்த வேகம், வண்டி வராத பாதை, கூட ஒருவர் என்றால் தாராளமாகப் போகலாம் என்றார். எனக்கு அது லாட்டரி விழுந்தது போல இருந்தது. ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஆளில்லாத ஒரு பார்க்கிங் லாட்டில் இரவல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். சுந்தர் பின்னாலேயே ஓடி வந்தார், அறுபது வயதை நெருங்கும் மனிதர்.

மே மாதக் கடைசியில் போனோம். நித்யாவுக்குப் பரீட்சை இருந்ததால், சைக்கிள் வாடகைக் கடை வரை வந்து, பிரெஞ்சில் பேசி, ஹெல்மெட் மாட்டிவிட்டு ரயிலேறிவிட்டாள். பர்கண்டிப் பகுதியின் அந்தப் பாதையில் முதல் பத்து மிதி மிதித்ததும் எனக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்தது. தார் போட்ட வழவழப்பான பாதை நேராக, நான் பார்க்க முடிகிற அந்த வட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது! ரயில் போன தடம் என்பதால் பெரிய மேடில்லை, திடீர் வளைவில்லை. ஒரு பக்கம் வேலிக்கப்பால் வெள்ளை வெளேரென்ற மாடுகள், மறுபக்கம் சிவப்பு கசகசாப் பூக்கள், அப்புறம் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். அவற்றைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பினேன். திருப்ப நேரம் இருந்தது. எதுவும் என்னை இடிக்க வரவில்லை. டயர் உருளும் சத்தமும் குயிலும்தான். சத்தியமாகக் குயில், ஆனால் நம் ஊர்க் குயிலில்லை. கடிகாரத்தில் கூவுமே, அது.

பாதை சில இடங்களில் சின்னச் சாலைகளைக் கடக்கும். அங்கே மரத் தடுப்பு இருக்கும். சுந்தர் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "கிராஸிங் வந்தா ஸ்டாப் பண்ணி எனக்காக வெயிட் பண்ணு கல்பனா. நான் வந்து பார்த்துட்டு சொன்னப்புறம்தான் நீ போகணும். ஓகேவா?" மூன்று கிராஸிங் அப்படியே போனது. அதற்குப் பிறகு அவருடைய சைக்கிள் பஞ்சர் ஆகியிருக்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டாராம். எனக்குக் காற்றில் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு மிதித்து நாலாவது கிராஸிங்குக்கு வந்து நின்று, திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

தலையை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். ஒன்றுமில்லை. வலப்பக்கம் திருப்பினேன். ஒரு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் எழுபது வயதுக்காரர் ஒருவர், நீல வேலை உடுப்பில். "அலே, மதாம்!" என்றார். பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீடு மலையாளிக் குடும்பம். 'அல்லே' என்றால் 'அப்படித்தானே' என்பது என் காதில் ஊறியது. அதனால் நான் மரியாதையாகத் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். நான் நகரவில்லை, அவரும் நகரவில்லை. "அலே, அலே!" என்றார் மறுபடியும். நானும் மறுபடியும் தலையாட்டினேன். போ என்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் என் கண்ணைக் காட்டி, இரண்டு பக்கமும் கையை வீசி, இல்லை என்று காட்டினேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். இறங்கினார். நடுச்சாலைக்கு வந்து, டிராஃபிக் போலீஸ் மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றார். அந்தச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் கிடையாது. ஆனாலும் நின்றார்.

"மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றியைக் கத்திக்கொண்டே கடந்தேன். கடந்த பிறகு சுந்தருக்காக நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். கால் நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக என் முழங்கை என்னுடையதாக இருந்தது. முன்னால் பாதை, மேலே மரங்கள் கோத்த பச்சைக் கூரை, நான் மட்டும். என்னையறியாமல் மணி அடித்துக்கொண்டே போனேன், யாருமில்லாத பாதையில், சின்னப் பிள்ளை போல.

அடுத்த ஊரின் பழைய ரயில் நிலையம் இப்போது காபிக் கடை. நான் அங்கே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சுந்தர் வந்தார். டயர் மாற்றிய கிரீஸ் கையெல்லாம். முகம் வெளுத்திருந்தது.

"வெயிட் பண்ணுன்னு சொன்னேன்ல? போன் அடிச்சா எடுக்கல. வழியில ஒரு கால்வாய், அதுக்குள்ளயெல்லாம் எட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

"போன் பைக்குள்ள சைலண்ட்ல இருந்துச்சு, சாரி. நான் கிராஸ் பண்ணிட்டேன்."

"தனியாவா?"

"டிராக்டர்காரர் ஒருத்தர் ரோட்டையே நிறுத்தினாரு. அப்புறம் தனியாத்தான்."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். என் காபியை எடுத்துக் குடித்தார். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. "பயந்துட்டேன் கல்பனா" என்றார். "தெரியும்" என்றேன். "ஆனா எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" அவர் மிச்சக் காபியையும் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வர்றேன். கிராஸிங்ல மட்டும் என்னைத் திட்டாம நில்லு." மீதி நான்கு நாளும் நான்தான் முன்னால்.

ஊர் திரும்பியதும் இரண்டு சைக்கிள் வாங்கினோம். இர்விங்கிலும் ஆற்றையொட்டி வண்டிகள் வராத ஒரு நீண்ட பாதை உண்டு. இத்தனை வருடம் அதன்மேல் போகும் பாலத்தில் கார் ஓட்டியிருக்கிறேன், கீழே பார்த்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார் இல்லாத பாதைக்குப் போகக் கார் வேண்டும். வசந்தி இன்னும், "அப்ப எப்பதான் வரே?" என்று கேட்கிறாள். தெரியல அக்கா என்கிறேன். நிஜமாகவே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சுந்தர் காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் மாட்டுவார். ஹேண்டில்பார்கள் இடிக்காமல் இருக்க ஒன்றைக் கிழக்கு பார்த்தும் மற்றதை மேற்கு பார்த்தும்தான் மாட்ட முடியும். நான் முன்சீட்டில் உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்ப்பேன். ஃப்ரீவேயில் கார் வேகமெடுக்கும்போது என் சைக்கிளின் முன்சக்கரம் காற்றில் தானாகச் சுற்றத் தொடங்கும். எந்தத் தரையையும் தொடாமல், அத்தனை உற்சாகமாகச் சுற்றும்.