காசிம் சச்சாவுக்கு ஒரு நாள்

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு குதிரை வந்தது. மலையாளக் கரையிலிருக்கும் எங்கள் மட்டாஞ்சேரியில் கல்யாண மாப்பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் காரில் போய் இறங்கினால் போதவில்லை, குதிரை வேண்டும். ஊர்வலம் கிளம்பத் தாமதமானதால் அதைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் கட்டிவிட்டார்கள். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்தில் போய் நின்று மூச்சை நன்றாக இழுத்தேன். குதிரைக்காரர் தமிழ்நாட்டு ஆள், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்ன பாய், ஏறணுமா?"

"வேண்டா தம்பி. மணம் பிடிக்க வந்ததாக்கும்."

அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பதிலைச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்துவிட்டுப் போகட்டும். வியர்வையும் ஈரத்தோலும் கலந்த அந்த வாசனை எனக்குப் பழைய பழக்கம். கொச்சங்காடியில் எங்கள் சுக்குப் பண்டகசாலையில் ஓர் ஆணியில் பெரியத்தா ஒரு தோல்வாரை மாட்டி வைத்திருந்தார். பர்மா யுத்தத்தில் அவர் ஓட்டிய கோவேறு கழுதையின் வயிற்றுவார். அத்தனை சுக்கு மூட்டைக்கு நடுவிலும் அதன் வாசனை தனியாகத் தெரியும்.

பெரியத்தா என் அத்தாவின், அதாவது அப்பாவின், மூத்த அண்ணன். அவரும் எல்லோருக்கும் இளைய தம்பியான காசிம் சச்சாவும் சேர்ந்தே பட்டாளத்துக்குப் போனார்கள். நாங்கள் ராவுத்தர்கள். ஒரு காலத்தில் குதிரை வியாபாரம் செய்தவர்கள் என்று பேர். ஆள் எடுத்த அதிகாரி அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் மிருகம் பழக்கத் தெரியுமா?" என்றாராம். சுக்கையும் மிளகையும் தவிர வேறெதையும் தொட்டறியாத இருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "தெரியும்" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்போது ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது. இந்த வீராப்பு எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. நானும் டைப்படிக்கத் தெரியும் என்று துணிந்து சொல்லித்தான் துறைமுகத்து ஐலண்டில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர்களைப் போட்டது ஒரு கமாண்டோப் படையில். எதிரியின் எல்லைக்குப் பின்னால் காட்டுக்குள் புகுந்து, பாலத்தையும் தண்டவாளத்தையும் உடைத்துவிட்டு, நடந்தே வெளியே வரவேண்டும். சாப்பாடு ஆகாயத்திலிருந்து விழும், துப்பாக்கியும் குண்டும் கழுதை முதுகில் வரும். கழுதை கத்திக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று அவற்றின் தொண்டையில் கத்தி வைத்துச் சத்தத்தையே எடுத்துவிட்டார்களாம். கழுதைகளைப் பற்றிப் பெரியத்தா மணிக்கணக்காகப் பேசுவார். ஆற்றைக் கண்டால் எது அடம்பிடிக்கும், எது யாருடைய தொப்பியைத் தின்றது என்றெல்லாம் சொல்வார். காசிம் சச்சாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்காது. போனவர்கள் இரண்டு பேர், திரும்பியவர் அவர் ஒருவர்தான். வந்த அன்றே சொல்லிவிட்டாராம்.

"படையில நடந்தது ஒண்ணும் வெளிய பறைய மாட்டேன்னு குர்ஆனைத் தொட்டு சத்தியம் பண்ணியிருக்கு. யாரும் கேக்கண்டா."

யாரும் கேட்கவில்லை, குப்பியைத் தவிர. குப்பி என்றால் என் அத்தாவின் தங்கை. தாயில்லாத தம்பி காசிமை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எப்படிச் செத்தான், எங்கே செத்தான் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மவுத்தானவர்களுக்கு வருஷா வருஷம் அவரவர் இறந்த பிறைத் தேதியில் யாசீன் ஓதி, நெய்ச்சோறு ஆக்கி ஏழைகளுக்குக் கொடுப்போம். எந்த நாள் யாருக்கு என்ற பட்டியல் அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கும். அதில் காசிம் சச்சாவின் பேருக்கு எதிரே மட்டும் வெறும் இடம்.

"பிறந்து மூணாம் நாள் போன பிள்ளைக்குக்கூட நாள் இருக்கு. என் தம்பிக்கு இல்லையா அண்ணே?"

"சத்தியம், ஆயிஷா."

"கழுதைக்குத் தொண்டையை அறுத்தாங்கன்னு சொன்னே. உனக்கு அறுத்தது யாரு?"

இந்தப் பேச்சு முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. நான் வேலைக்குப் போனதும் குப்பிக்கு ஒரு புது ஆயுதம் கிடைத்தது. பட்டாளத்துக்கு மூன்று கடிதங்கள் டைப்படிக்க வைத்தாள். நான் அடித்ததில் தப்பில்லாத வரி ஏதாவது இருந்ததா என்று எனக்கே சந்தேகம். ஒரே ஒரு பதில் வந்தது, காணாமல் போனவர் என்று.

"காணலேன்னு எனக்கும் அறியுமே! அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கவரு?" என்றாள் குப்பி.

அதோடு விட்டாளா? பள்ளிவாசல் உஸ்தாதிடம் ஆள் அனுப்பி, செய்த சத்தியத்தை முறித்தால் என்ன பரிகாரம் என்று கேட்டாள். பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும், ஆனால் சத்தியம் செய்தவரே மனசறிந்து கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. பண்டகசாலையில் மூட்டை தூக்குகிறவர்களில் பத்துப் பேரைக் கூப்பிட என்னை அனுப்பினாள். பதினொரு பேர் வந்தார்கள். எண்ணத் தெரியாதவனா நீ என்று குப்பி என்னைப் பார்த்தாள். "கூடுதல் ஒருத்தர் கெடக்கட்டும்" என்று பிறகு அவளே சொல்லிக்கொண்டாள்.

ஜும்மா தொழுகை முடிந்து பெரியத்தா வந்தபோது முற்றத்தில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். குப்பி கரண்டியை அவர் கையில் வைத்தாள்.

"உன் சத்தியத்துக்குப் பரிகாரம். நீயே விளம்பு. விளம்பிட்டு வந்து பேசு."

பெரியத்தா கரண்டியைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து முதல் இலைக்குச் சோறு வைத்தார். பிறகு ஒவ்வொரு இலையாக, போதும் போதும் என்று சொல்லச் சொல்ல, வைத்துக்கொண்டே போனார். வந்தவர்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகு குப்பியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஆயிஷா, நான் ஒரு சத்தியமும் பண்ணல. யாரும் பண்ணச் சொல்லவும் இல்ல."

பெரியத்தா தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அவனுக்கு ஜுரம். காலு அழுகிப்போச்சு, நடக்க ஒக்கல. நடக்காதவனை விட்டுட்டுப் போகணும், அதாக்கும் அந்தப் படையோட சட்டம். நான்தான் அவனை மரத்துல சாய்ச்சு உக்கார வெச்சேன். கழுதைங்களை ஆத்தைக் கடத்தணும், ஆளில்ல. 'நீ போ அண்ணே, நான் மெல்ல வர்றேன்'ன்னான். நான் போனேன். அவன் மவுத்தானதை நான் பாக்கல. விட்டுட்டு வந்தது என்ன நாளுன்னும் அறியாது. ஒரே மழை. நாளு கணக்கு எங்க எல்லாருக்கும் தப்பிப்போச்சு. நீ கேட்ட நாளு எங்கிட்ட இல்ல ஆயிஷா. அதான் சத்தியம்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தம்பியைச் சாக விட்டுவிட்டு வந்ததுமில்லாமல் குர்ஆனை வேறு இழுத்தாரே என்று ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்துமூன்று வயதில் எல்லோருக்கும் நீதிபதியாகும் தைரியம் உண்டு. அந்த ஆற்றங்கரையில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

குப்பி எழுந்து அடுக்களைக்குள் போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "இன்னைக்குப் பிறை எத்தனை?" என்று உள்ளேயிருந்து என்னைக் கேட்டாள். சொன்னேன். பென்சிலால் கதவில் அழுத்தி எழுதும் சத்தம் கேட்டது. வெளியே வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"செய்யாத சத்தியத்துக்குப் பரிகாரம் எதுக்கு? இந்தச் சோறு காசிமுக்கு. இன்னைக்குத்தான் அவன் நாளு. வருஷா வருஷம் நீதான் விளம்பணும். உனக்கு மவுத்து வர்ற வரைக்கும்."

பெரியத்தா வாய்விட்டு அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அவர் பத்தொன்பது வருஷம் விளம்பினார். கடைசி இரண்டு வருஷம் நிற்க முடியாமல், ஸ்டூலை இலைக்கு இலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து விளம்பினார். அவருக்குப் பிறகு குப்பி. அவளுக்குப் பிறகு நான். பண்டகசாலையை விற்றாகிவிட்டது, அங்கே இப்போது கண்ணாடிக் கதவு போட்டு வெள்ளைக்காரர்களுக்குக் காப்பி விற்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் இல்லை. கட்டட வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து உட்கார வைக்கிறேன். யாருக்கான சோறு என்று அவர்கள் கேட்பார்கள், காசிம் என்று சொல்வேன். எப்படி இருப்பார் என்று ஒருவன் போன வருஷம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. படம் கிடையாது. அந்த முகத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அடுத்த வாரம் அவர் நாள் வருகிறது. பத்துப் பேருக்கும் சொல்லிவிட்டேன்.