மரித்தான் என்று வாசிக்கவும்

நான் தட்டச்சு செய்த முதல் தொடர்கதையிலேயே இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்புக்கு ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாவதற்கு இன்றுவரை யாரும் என்னைத் திட்டவில்லை.

அந்த வார இதழில் நான் சேர்ந்தபோது எங்கள் பிரபல எழுத்தாளருக்கு ஐம்பத்தெட்டு வயது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. திங்கள்தோறும் வேலை முடிந்து, சரியாக நான்கு மணிக்கு அடுத்த அத்தியாயத்தோடு வந்து நிற்பார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஆமென் சார்’ என்று பெயர். ஜெபம் செய்துவிட்டு எழுத உட்காருகிறவர், எழுதி முடித்ததும் கீழே ‘ஆமென்’ என்று போட்டுவிடுவார். அதை அடிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘அவள் கதவைப் படாரென்று சாத்தினாள். ஆமென்’ என்று இதழ் வெளிவந்தது. அதுதான் முதல் தப்பு.

அவர் கதைகள் சும்மா பொழுதுபோக்கு இல்லை. குடியை விட்டேன் என்று கடிதம் வரும். திருடிய சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு எழுதிவிட்டேன் என்று சிறையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கதைகளில் கொலைகாரனுக்கும் மன்னிப்பு உண்டு. அண்ணன்களுக்கு மட்டும் கிடையாது. அதுவரை வந்த பதினோரு நாவல்களிலும் ஓர் அண்ணன் வருவான். ரயிலிலோ காய்ச்சலிலோ போய்ச் சேருவான்.

ஏன் சார் இப்படி என்று ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை. அவருடைய அம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, பெரியவனைப் பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாலு தெரு தள்ளியிருந்த அண்ணன் கடைசிவரை எட்டிப் பார்க்கவில்லை. இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே தேவாலயம்தான், இவர் இடது பக்கம், அவர் வலது பக்கம். எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், பிறரை மன்னிப்பதாகச் சொல்கிற வரி வந்ததும் இவர் வாயை மூடிக்கொள்வார்.

“கடவுள்கிட்ட பொய் சொல்லக் கூடாதும்மா,” என்றார். “எனக்கு வராததை வருதுன்னு எப்படிச் சொல்றது?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊருக்கெல்லாம் மன்னிப்பை எழுதிக் கொடுக்கிறவருக்கு வீட்டில் ஒரு பிடி இல்லையா என்று தோன்றியது.

கடைசி அத்தியாயம் வந்தது. அண்ணன் படுக்கையில் கிடக்கிறான். ‘தம்பியை ஒருமுறை பார்த்தான். பிறகு மரித்தான்’ என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் காலமாவார்கள், செத்துப்போவார்கள், யாரும் மரித்ததில்லை. அது அவர்கள் வேதத்து வார்த்தை. அவருடைய கையெழுத்தும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். நான் ‘சிரித்தான்’ என்று அடித்துவிட்டேன். முடிவு பிரமாதம் என்று ஆசிரியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

இதழ் வந்த மறுநாள் ஒருவர் போன் செய்து, எழுத்தாளரை எப்போது பார்க்கலாம் என்று கேட்டார். திங்கள் நாலு மணி என்றேன்.

திங்களன்று ஆமென் சார் வழக்கத்துக்கு மாறாக வணக்கம்கூடச் சொல்லவில்லை. என் மேசையில் ஒரு சீட்டை வைத்தார். ‘சிரித்தான் என்பதை மரித்தான் என்று வாசிக்கவும்.’ அடுத்த இதழில் கட்டாயம் போட வேண்டும் என்றார். என் தப்பு எனக்கே அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். இவருடைய மூக்கே அவருக்கும். கையில் எங்கள் இதழைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“பதினோரு தடவை என்னைக் கொன்னுட்டடா,” என்றார். “எல்லாத்தையும் படிச்சேன். இந்தத் தடவைதான் விட்டுட்ட. அதான் வந்தேன். அம்மாவை அந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தைரியம் இல்லடா. அவ்வளவுதான்.”

ஆமென் சார் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவர் பொய்க்குத் துணைபோகிற மனுஷன் இல்லையே.

“அது அச்சுப்பிழைண்ணா,” என்றார். “நான் எழுதினது வேற.”

பெரியவர் முகம் செத்துவிட்டது. சுருட்டிய இதழோடு மெல்லத் திரும்பினார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆமென் சார் என் மேசையிலிருந்த சீட்டை எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“திருத்தம் வேண்டாம்மா,” என்றார். “அப்படியே இருக்கட்டும்.” பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கம் போட்டார்.

அடுத்த திங்கள் அத்தியாயம் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். ஜெபத்தில் அந்த மன்னிப்பு வரியை இந்த ஞாயிறு சொன்னீர்களா சார் என்று கேட்டேன்.

“சொன்னேம்மா,” என்றார். “சத்தம்தான் வரல.”